இரண்டு காதும் தெரிய வேண்டும்

நவம்பர் 4, திங்கள்

வெள்ளவத்தையில் பாதிப்பேர் வெளிநாடு போய்விட்டார்கள். மிச்சப்பேர் போவதற்குப் படம் எடுக்க என் ஸ்டூடியோவுக்கு வருகிறார்கள். இன்றும் முழுக்க விசாப் படங்கள்தான்.

பின்னேரம் என் பெண்சாதி சுபோதினி வந்தாள். ஜனவரியில் ஒன்லைனில் கணித வகுப்புத் தொடங்கப் போவதாக பேஸ்புக்கில் அறிவித்திருக்கிறாள். ஒரு பிள்ளையும் சேரவில்லை. "ரீச்சர் ஆரெண்டு தெரியாமல் எப்பிடிப் பிள்ளையை விடுறது?" என்று ஒரு தாய் கேட்டிருக்கிறா. கேட்காமல் என்ன செய்வா? முகம் இருக்க வேண்டிய இடத்தில் இவள் போட்டிருப்பது ஒரு ரோசாப்பூ.

புரொபைல் படம் வேண்டும் என்றாள். முக்காலியில் இருத்தி, இரண்டு பக்கமும் லைட் போட்டு, "நேர பாருங்கோ, சிரியாதேங்கோ" என்றேன். வாய்ப்பழக்கம். சொந்தப் பெண்சாதியோடு 'ங்கோ' போட்டு மரியாதையாகக் கதைத்திருக்கிறேன்.

படத்தைப் பார்த்தாள். "ரெண்டு காதும் வடிவாத் தெரியுதப்பா. ஆள்தான் தெரியேல்லை."

நவம்பர் 6, புதன்

ரோசாப்பூ இன்னும் அங்கேயேதான். நான் எடுத்த எந்தப் படமும் எம்பசியிலிருந்து திரும்பி வந்ததில்லை. வீட்டிலிருந்து வந்துவிட்டதே! கோபம்தான். ஆனால் அவள் சொன்னது சரி. அந்தப் படத்தில் இருப்பது யார்?

நவம்பர் 8, வெள்ளி

'புரொபைல்' என்றால் முதற்பொருள் பக்கவாட்டு முகமாம். அப்படியானால் இத்தனை காலமும் நான் எடுத்தது என்ன?

நவம்பர் 10, ஞாயிறு

குசினியிலிருந்து ஒரு தேங்காயைக் கொண்டுபோய் முக்காலியில் வைத்தேன். இரண்டு லைட்டும் எரியும்போது தட்டையாக, ரொட்டி மாதிரிக் கிடந்தது. ஒன்றை நிறுத்தினேன். உருண்டு வந்துவிட்டது! நிழல்தான் முகத்துக்கு உருவம் கொடுக்கிறதா? நான் இவ்வளவு காலமும் அதைத் துடைத்தல்லவா எறிந்தேன்?

இருண்ட பக்கத்துக்கு டீவிப் பெட்டியில் அடைத்து வந்த வெள்ளை ரெஜிபோம் துண்டைப் பிடித்தேன். நிழல் இளகியது. கெமராவைக் கிட்டக் கொண்டுபோனால் நடு வீங்குகிறது, தள்ளி நின்று எடுத்தால் அளவாக வருகிறது. ஒன்றுதான் விளங்கவில்லை. லைட்டைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்தேன், அதற்கு ஏன் அவ்வளவு இருட்டு?

சுபோதினி வந்து பார்த்துவிட்டு, "தேங்காய்க்கு விசாக் கிடைக்குமோ?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

நவம்பர் 15, வெள்ளி

போயா விடுமுறை. ஸ்டூடியோ பூட்டு. மழை மூட்டம், யன்னல் வெளிச்சம் வடிகட்டியது போல இருந்தது. சுபோதினியின் தோளை யன்னல் பக்கம் திருப்பி இருத்தினேன். மறுபக்கம் ரெஜிபோம். முகத்தை நடுவில் வைக்காமல், அவள் பார்க்கும் பக்கம் இடம் விட்டேன். எல்லாம் சரி. ஆனால் முகம் மட்டும் விசா இன்டர்வியூவுக்குக் காத்திருக்கிற முகம்.

அலுத்துப்போய், தேங்காய்ச் சந்தேகத்தைக் கேட்டேன்.

"தூரம் ரெண்டு மடங்கெண்டால் வெளிச்சம் அரைவாசியில்லையப்பா, நாலிலொண்டு. இஞ்ச பாருங்கோ—" என்று கைகளை விரித்தாள். ஒரே வெளிச்சம், பரவுகிற இடம் பெரிது என்றாள். கண் விரிந்து, புருவம் உயர்ந்து, எனக்கு விளங்குகிறதா என்று காத்துக்கொண்டு— கெமரா பட்டனை அமத்தினேன்.

"விளங்கினதோ?"

விளங்கியது. "இல்லை, இன்னொருக்காச் சொல்லும்" என்றேன்.

அவள் படிப்பிப்பதை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. என்ன வடிவு.

நவம்பர் 16, சனி

ரோசாப்பூ போய்விட்டது. புதுப் படத்தில் ஒரு காதுதான் தெரிகிறது.

டிசம்பர் 3, செவ்வாய்

முதன்முறையாக ஒரு விசாப் படம் திரும்பி வந்திருக்கிறது. யோகநாதன் ஐயாவுடையது. என்னை அறியாமல் அவரைக் கொஞ்சம் திருப்பி இருத்தியிருக்கிறேன், வலது காதைக் காணோம். மன்னிப்புக் கேட்டு, திரும்ப எடுப்பதற்கு இருத்தினேன்.

சுவரில் மாட்டியிருந்த சுபோதினியின் படத்தைப் பார்த்தவர், "ஆர் தம்பி இந்த ரீச்சர்?" என்றார்.

படத்தில் பலகையும் இல்லை, புத்தகமும் இல்லை. ரீச்சர் என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"விளங்கினதோ எண்டு கேக்கிற முகமெல்லோ," என்றார். பேத்திக்குக் கணக்கு ஓடாதாம். வகுப்பில் இடமிருக்குமோ என்றும் கேட்டார்.

சுபோதினியின் நம்பரைக் கொடுத்தேன். பிறகு இரண்டு லைட்டையும் போட்டு, "நேர பாருங்கோ, சிரியாதேங்கோ" என்றேன். அவர் சிரிக்கவில்லை. எனக்குத்தான் அடக்க முடியவில்லை.