வாழ்ந்தார் என்று ஒரு பலகை

மார்ச் 4

உதைகாலி இன்று வாளியைத் தட்டிவிட்டது. பாதிப் பால் மண்ணுக்கு. அதைத் திட்டிக்கொண்டிருக்கும்போதே தம்பி வந்து தொழுவத்து வாசலில் ஒரு கம்பை நட்டான். அதன் தலையில் மஞ்சள் அம்பு.

“சுத்திப் பார்க்க வர்றவங்களுக்கு நடைபாதை, அக்கா. வாசல்ல வரைபடத்தை எடுத்துக்கிட்டு அவங்களாவே பார்த்துக்குவாங்க. நாம கூடவே போகவேண்டாம். நம்ம பண்ணையோட வரலாறு.”

வரலாறு. அப்பா போய் ஒரு வருஷம்தான் ஆகிறது. நிலத்தையும் வீட்டையும் அவன் பேருக்கு எழுதினார். எனக்கு எழுத்தில் எதுவும் இல்லை. “மாடுங்க உன்னோடதும்மா” என்று வாயால் சொன்னார். தம்பியும் பக்கத்தில்தான் நின்றான்.

மார்ச் 11

தம்பி மனைவி டவுனில் விளம்பரக் கம்பெனியில் இருந்தவள். பலகைகளுக்கு அவள்தான் எழுதுகிறாள். கிணறு எப்போது வெட்டியது, பழைய தொழுவம் எப்படி எரிந்தது என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நானும் வாய் வலிக்கச் சொன்னேன். இந்த வீட்டில் என்னை உட்காரவைத்து யார் கேட்டிருக்கிறார்கள்? சந்தோஷமாகத்தான் இருந்தது.

மார்ச் 19

பலகைகள் வந்துவிட்டன. தொழுவத்துக்கு: “இங்கே ஒரு காலத்தில் பசுக்கள் வளர்க்கப்பட்டன.”

பால் வாளியைக் கையில் வைத்துக்கொண்டு இதைப் படித்தேன். எனக்குப் பின்னால் செவலை மூத்திரம் பெய்துகொண்டிருந்தது.

“வளர்க்கப்படுகின்றனன்னு வரணும், தப்பா அடிச்சிட்டாங்க பாரு” என்றேன் தம்பி மனைவியிடம். அவள் தம்பியைப் பார்த்தாள். அவன் கையிலிருந்த திருகாணியைப் பார்த்தான்.

“அடிக்கடி போர்டு மாத்திக்கிட்டு இருக்க முடியாதுக்கா.”

அவ்வளவுதான் சொன்னான். எனக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆனது.

“எப்ப விக்கப்போறே?”

“மழைக்கு முன்னாடி. உனக்கும் வயசாகுதில்ல, எத்தனை நாளைக்குத்தான் சாணி அள்ளுவே?”

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம்.

மார்ச் 20

பால் மட்டும் கறந்தேன்.

மார்ச் 22

கயிறு எடுக்கச் சாமான் அறைக்குப் போனேன். இன்னும் மாட்டாத பலகைகள் சுவரைப் பார்த்துச் சாய்ந்திருந்தன. ஒன்றைத் திருப்பினேன். ஒன்பதாம் எண்.

“வீட்டின் மூத்த மகள் இந்த அறையில் வாழ்ந்தார். பண்ணையின் பசுக்களைக் கவனித்துக்கொண்டார்.”

வாழ்ந்தாராம் — நேத்து ராத்திரி அங்கதானே படுத்தேன்? இன்னிக்கும் அங்கதானே படுக்கப்போறேன்? நான் என்ன செத்தா போயிட்டேன்?

பலகையைத் தூக்கிக்கொண்டு போய்ச் சாப்பாட்டு மேஜைமேல் போட்டேன். தம்பி முகம் செத்துவிட்டது. டவுனில் அவர்கள் வீட்டு மாடியில் எனக்கு ஓர் அறை ஒழித்து வைத்திருக்கிறார்களாம். “சொல்லணும்னுதான் இருந்தோம்” என்றான். எப்போது? வருகிற ஜனமெல்லாம் படித்த பிறகா?

தம்பி மனைவிக்கு வருத்தம் வந்துவிட்டது. “மரியாதையாத்தானே எழுதியிருக்கேன் அண்ணி?”

உண்மைதான். ‘ஆர்’ போட்டிருக்கிறாள். இருக்கும்போது இந்த வீட்டில் யாரும் எனக்கு ‘ஆர்’ போட்டதில்லை. வெறும் அவள்தான்.

மார்ச் 29

வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துப் பண்ணைக்காரம்மா விஷயம் கேள்விப்பட்டு வந்தாள். தனிக்கட்டை, என்னைப் போலவே.

“எங்கொட்டகை காலியாத்தான் கெடக்கு. மாடுங்களோட நீயும் வந்துடு. ரெண்டு பேருமா பாத்துக்கலாம்.”

தம்பியிடம் அப்பா சொன்னதை ஞாபகப்படுத்தினேன். “அப்பா ஏதோ பேச்சுக்குச் சொன்னாரு” என்றான். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

மயிலே மயிலே என்றால் இறகு போடாது.

ஏப்ரல் 6

இன்றுதான் திறப்பு. இன்றுதான் நானும் மாடுகளை அவிழ்த்தேன்.

தொழுவத்திலிருந்து வாசலுக்கு வேறு வழி இல்லை; அம்புகளுக்கு எதிராகவே நடத்திக்கொண்டு போனேன். வந்தவர்கள் ஒதுங்கி நின்று படம் எடுத்தார்கள். “இதுவும் டூர்ல ஒண்ணு போல. தத்ரூபமா செஞ்சிருக்காங்க” என்றார் தொப்பி போட்ட ஒருவர். உதைகாலி தன் பேருக்கு ஏற்றபடி நான்காம் எண் கம்பைச் சாய்த்தது. நான் தடுக்கவில்லை.

தம்பி வாசலில் வரைபடம் கொடுத்துக்கொண்டிருந்தான். அத்தனை பேர் முன்னால் என்ன சொல்வான்? பல் தெரியச் சிரித்துக்கொண்டு வழிவிட்டான். ஒரு வரைபடத்தை என் பக்கமும் நீட்டினான், கைப்பழக்கத்தில்.

சின்னப் பையனாக இருந்தபோது அவனை இந்த வாசல்வரை இடுப்பில் தூக்கிக்கொண்டு வருவேன். அது எந்தப் பலகையிலும் இல்லை.

மே 17

தம்பி போன் செய்தான். நன்றாக இருக்கிறாயா என்று கேட்பான் என நினைத்தேன்.

“தொழுவத்துல பாக்க ஒண்ணுமே இல்லன்னு வர்றவங்க குறை சொல்றாங்கக்கா. சனி ஞாயிறு மட்டும் செவலையை அனுப்புறியா?”

வைத்துவிட்டேன்.

ஜூன் 8

போகக்கூடாது என்றுதான் இருந்தேன். போனேன். வாசலில் யாரும் இல்லை. பெட்டியிலிருந்து வரைபடம் எடுத்துக்கொண்டு எல்லாரையும் போல அம்பு பார்த்து நடந்தேன்.

தொழுவத்தை மருந்து போட்டுக் கழுவியிருக்கிறார்கள். சாணி வாசனை கொஞ்சம்கூட இல்லை. என் அறை வாசலில் குறுக்கே கயிறு. கட்டில் என்னுடையதுதான், விரிப்பு இல்லை. நான் கண்ணால்கூடப் பார்க்காத பித்தளைச் செம்பு ஒன்று ஜன்னலில் இருந்தது.

பக்கத்தில் ஒரு பெண் பலகையைச் சத்தமாகப் படித்தாள். “பாவம், கல்யாணமே ஆகல போல. எப்ப செத்தாங்கன்னு போடலையே” என்றாள் கணவனிடம். பிறகு நகர்ந்து எனக்கு இடம் விட்டாள்.

நானும் ஒரு முறை படித்தேன். அந்த அறையில் வாழ்ந்தேன். பசுக்களைக் கவனித்துக்கொண்டேன். தொழுவத்தில் ஒரு காலத்தில் மாடுகள் இருந்தன. தப்பு என்று காட்டியவள் நான்தான். இப்போது எவ்வளவு தேடியும் ஒரு தப்பும் இல்லை.

கறக்கும் நேரம் ஆகிவிட்டது. அம்பு காட்டிய வழியாகவே வெளியே வந்தேன்.