பச்சை நூல் போட்ட செருப்பு

அன்புள்ள மகன் பரிதிக்கு அம்மா சொல்லி எழுதுவது. சிங்கப்பூரில் நீ உடம்புக்கு ஒன்றும் இல்லாமல், நேரத்துக்குச் சாப்பிட்டு, வேலைக்குப் போய்வர வேண்டும் என்று நம் ஐயனாரைக் கும்பிட்டுக்கொண்டு ஆரம்பிக்கிறேன். உன் அப்பாவுக்கு இருமல் விட்டது. வாய்க்காலில் தண்ணீர் வருகிறது, சம்பா நடவு முடிந்து பயிர் வேர் பிடித்துவிட்டது, பள்ளத்து வயலில் மட்டும் இரண்டு நாள் மழையில் தண்ணீர் தேங்கி, வரப்பை வெட்டி வடியவிட்டோம். மற்றபடி எல்லோரும் சுகம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போனில் நீ என்னை ஒரு பேச்சை முடிக்க விடுவதில்லை, நடுவில் சத்தம் போடுகிறாய், இல்லாவிட்டால் கட் பண்ணிவிடுகிறாய். அதனால்தான் நான் சொல்லச் சொல்ல உன் தங்கை சுடர்விழி எழுதுகிறாள். ஒன்பதாவதோடு நின்றவள் என்றாலும் அவள் எழுத்து முத்து முத்தாக இருக்கும், உனக்கே தெரியும். ஒவ்வொரு பக்கமாகப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவாள். கடைசிப் பக்கம் வரைக்கும் படித்துவிட்டு அப்புறம் கோபப்படு.

பாபநாசத்தில் பெண்கள் உதவி மையத்தில் நான் வேலைக்குச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகிறது. டீ போடுவேன், கூட்டுவேன், மதியத்துக்குச் சமைப்பேன். இது எல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். இன்னொரு வேலையும் எனக்கு உண்டு. மனு கொடுக்க வருகிற பெண்கள் வாசலில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே போனதும், அதை நான் எடுத்துப் பின்பக்கம் அலமாரியில் வைத்துக் கதவைச் சாத்திவிட வேண்டும். தெருவில் போகிற புருஷனோ மாமனாரோ செருப்பை அடையாளம் கண்டுபிடித்து உள்ளே வந்துவிடக் கூடாது என்று சஃபியா அம்மா ஏற்படுத்திய வழக்கம் அது. அவர்தான் மையத்தை நடத்துகிறவர். இதை உன்னிடம் ஒரு தடவை சொன்னபோது, சிங்கப்பூர்ல சம்பாதிக்கிறவனோட அம்மா பாபநாசத்துல செருப்புத் தூக்குறாங்கன்னு ஊர்ல சொல்லிடாதீங்க என்று சிரித்தாய். நானும் சிரித்தேன்.

போன வியாழக்கிழமை காலை வாசலில் நான்கு ஜோடி கிடந்தது. மூன்றை எடுத்து வைத்துவிட்டு நான்காவதைத் தூக்கினேன். வலது செருப்பின் வாரில் பச்சை நூல் தையல். ஆடி மாதம் சுடர்விழி தன் தையல் மெஷினில் வைத்துத் தைத்துக் கொடுத்தது, கறுப்பு நூல் தீர்ந்துபோய்ப் பச்சையைப் போட்டாள். தமிழரசியின் செருப்பு. உன் பெண்டாட்டியின் செருப்பு என் கையில் இருந்தது தம்பி. ரேஷன் கடைக்குப் போய்வருகிறேன் அத்தை என்று சொல்லிவிட்டுப் போனவள். வேறு யாருக்கும் இதே மாதிரி இருக்கக் கூடாதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அதற்குள் உள் அறையிலிருந்து அவள் குரல் கேட்டது. அழுகிற குரல் இல்லை, பாடம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி ஒரே சீராகச் சொல்லிக்கொண்டிருந்தாள். என்ன சொல்கிறாள் என்பது என் காதில் விழவில்லை. சஃபியா அம்மா வெளியே வந்து என் முகத்தையும் கையையும் பார்த்தார். அம்சம்மா, இன்னிக்கு நீங்க வீட்டுக்குப் போங்க என்றார். ஏன் என்று கேட்டேன். ஏன்னு நீங்க கேக்கக் கூடாது, நானும் சொல்லக் கூடாது, மூணு வருஷமா இங்க இருக்கீங்க, உங்களுக்குத் தெரியாததா என்றார். அது சரிதான். மையத்தில் வேலை செய்கிறவருடைய சொந்தக்காரர் மனுவோடு வந்தால், வேலை செய்கிறவர் எழுந்து வெளியே போய்விட வேண்டும்.

பஸ் ஸ்டாண்டில் போய் உட்கார்ந்தேன். மூன்று பஸ் போய்விட்டது. பொய் சொல்லாமல் சொல்கிறேன், அப்போது எனக்குத் தமிழரசி மேல்தான் கோபம். மாமியாரைப் பற்றி எழுதிக் கொடுக்க வந்திருக்கிறாள், நான் வேலை செய்கிற இடத்திலேயே என் மானத்தை வாங்க வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அவளுக்கு நான் என்ன குறை வைத்தேன் என்று ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தேன். உன் பெயர் என் நினைவுக்கு வரவே இல்லை. கடல் தாண்டி இருக்கிற பிள்ளை வீட்டில் இருக்கிற பெண்ணை என்ன செய்துவிட முடியும்.

வீட்டுக்கு வந்த கால் மணி நேரத்தில் உன் போன் வந்தது. எங்கேம்மா அவ, கேமராவுல ஆளையே காணோம் என்று கேட்டாய். நான் யோசிக்கவே இல்லை. மையத்துல உக்காந்திருக்காடா என்று சொல்லிவிட்டேன். மூன்று வருஷத்தில் எத்தனை புருஷன்மார் என்னிடம் வந்து கேட்டிருப்பார்கள், காலில் விழாத குறையாகக் கேட்டவர்கள் உண்டு, மிரட்டியவர்கள் உண்டு, ஒருத்தியைக்கூட நான் காட்டிக் கொடுத்ததில்லை. பெற்ற பிள்ளை கேட்டதும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். நீயும் ஒரு புருஷன் என்று எனக்குத் தோன்றவில்லை பார்.

அன்று ராத்திரி தமிழரசி வீடு திரும்பவில்லை, மறுநாள் வேலைக்குப் போனேன். மதியம் சாப்பிடும்போது, மையத்தில் போன் எடுக்கிற ஆமினா சிரித்துச் சிரித்துச் சொன்னாள். அம்சம் அக்கா, நேத்து ஒருத்தர் சிங்கப்பூர் நம்பர்ல கூப்பிட்டாரு, நான் தமிழரசியோட கூடப் பொறந்த அண்ணன், அவகிட்ட போனைக் குடுங்கன்னாரு. அண்ணனுங்களா, சந்தோசம், தங்கச்சி பொறந்த நாள் என்னிக்குங்கன்னு கேட்டேன். வச்சிட்டாரு. இப்படிச் சொல்லிவிட்டு ரசத்தை ஊற்றிக்கொண்டாள். தமிழரசி யார் வீட்டுப் பெண் என்று அவளுக்கு அப்போது தெரியாது. என் தட்டில் சோறு அப்படியே இருந்தது. தமிழரசிக்கு அண்ணன் கிடையாது, ஒரே பெண். நான் எழுந்து கையைக் கழுவிவிட்டு சஃபியா அம்மாவிடம் போய், அது என் மகன், இடத்தைச் சொன்னது நான் என்று சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் போல இருந்தது. நீங்க ஒரு வார்த்தைதான் சொன்னீங்க அம்சம்மா, அந்த ஒரு வார்த்தையால அந்தப் பொண்ணை ராத்திரியோட ராத்திரியா வேற ஊருக்கு மாத்த வேண்டியதாப் போச்சு என்றார்.

ஞாயிற்றுக்கிழமை தமிழரசி என்னோடு பேசச் சம்மதித்தாள், போனில், சஃபியா அம்மா பக்கத்தில் இருக்க. அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். நீ அடுப்படியிலும் கூடத்திலும் கேமரா வைத்தபோது, என் பிள்ளை அங்கிருந்து எங்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறான் என்று தெருவெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டவள் நான். அது எங்களைப் பார்க்க இல்லை என்று எனக்குத் தெரியாது. கேமராவுக்குத் தெரியாமல் கொல்லைப்பக்கம் பத்து நிமிஷம் போய்விட்டால் அவளுக்குப் போன் வருமாம். தூங்கும்போதும் தலையணையில் போன் ஓடிக்கொண்டே இருக்க வேண்டுமாம். தப்பு செய்தால் அடுப்படியில் கேமராவுக்கு எதிரே நீ போதும் என்கிறவரை நிற்க வேண்டுமாம். அவள் அப்படி நின்றதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன் பரிதி. என்னடி அய்யனார் கோயில் குதிரையாட்டம் நிக்கிற, உலை கொதிக்குது பாரு என்று வைதிருக்கிறேன். அவள் அசையாமல் நின்றாள். திமிர் என்று நினைத்தேன். கேமராவுக்குத் தெரியாதது உனக்கு எப்படித் தெரிந்தது என்றால், நான் சொல்லித்தான். இன்னிக்கு எங்க போனா, யாரோட பேசினா என்று நீ பாசமாகக் கேட்பாய், நானும் வெள்ளந்தியாகச் சொல்வேன். அத்தை போனை வச்சதும் எனக்கு மணி அடிக்கும் என்றாள். அவ்வளவுதான் சொன்னாள், என்மேல் ஒரு குறையும் சொல்லவில்லை.

சுடர்விழியைக் கேட்டேன், உனக்குத் தெரியுமா என்று. தெரியும் என்றாள். பக்கத்து அறையில் படுக்கிறவளுக்கு நீ பேசியது எல்லாம் கேட்டிருக்கிறது. ஏன்டி சொல்லல என்றதற்கு, அண்ணன் சொன்னா நீங்க கேப்பீங்க, நான் சொன்னா கேப்பீங்களாம்மா என்றாள். இந்த வரியை எழுத மாட்டேன் என்று இப்போது அடம் பிடிக்கிறாள், எழுது என்று சொல்லியிருக்கிறேன். அவள் கேட்டது நியாயம். வயதுக்கு வந்த பெண்ணை பஸ்ஸில் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப வேண்டாம் என்று நீ ஒரு போன் பண்ணினாய், மறுநாளே நிறுத்தினேன். நிறுத்த வேண்டாம் என்று உன் அப்பா சொன்னதையும் கேட்கவில்லை.

உன் அப்பாவிடம் எல்லாம் சொன்னேன். வரப்பில் உட்கார்ந்து வெகுநேரம் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தார். நம்ம பையனாடி என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு வீட்டுக்கு வந்து, ஏணி போட்டு இரண்டு கேமராவையும் கழற்றிச் சாக்கில் கட்டிப் பரண்மேல் போட்டுவிட்டார். தமிழரசி வீட்டார் சொல்லித்தான் கழற்றினோம் என்று நினைத்து நீ அவர்களைத் திட்டி மெசேஜ் போடுகிறாயாம், அதை நிறுத்து.

இதையெல்லாம் எழுதலாமா என்று தமிழரசியிடமும் சஃபியா அம்மாவிடமும் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். மனு பதிவாகிவிட்டது, மையத்து வக்கீல் ஷமீரா உனக்கும் தபால் அனுப்புவார். வருகிற புதன்கிழமை பதினோரு மணிக்கு மையத்தில் இரண்டு தரப்பையும் வைத்துப் பேசுவார்கள், நீ வீடியோவில் வரலாம். அவளைக் கண்காணித்தது உண்மை என்று ஒப்புக்கொள், செய்யாததைச் செய்ததாகச் சொல்ல வேண்டாம், செய்ததை மறைக்க வேண்டாம். சேர்ந்து வாழ்வதா வேண்டாமா என்பது அவள் முடிவு. என்னால் அவளைத் திருப்பி அழைத்துவர முடியும் என்று நம்பாதே, நான் அவளைக் கூப்பிடப் போவதில்லை. அவள் இப்போது எந்த ஊர் என்று எனக்குத் தெரியாது, தெரியாமல் இருப்பதே நல்லது என்று நானே சொல்லிவிட்டேன். என் வாயை நான் இப்போது நம்பவில்லை.

அங்கே மழைக் காலம் என்று சொன்னாய், தலையைத் துவட்டாமல் படுக்காதே, வெறும் டீயைக் குடித்துவிட்டு வேலைக்கு ஓடாதே. உன்னோடு தங்கியிருக்கிற காதர் மைதீன் நல்ல பிள்ளை, வாய்விட்டுப் பேச ஆள் வேண்டுமென்றால் அவனிடம் பேசு. நீ என் வயிற்றில் பிறந்தவன், அதில் மாற்றம் இல்லை. உனக்கு நல்ல புத்தி வர வேண்டும், நல்லபடியாக இருக்க வேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் கும்பிடுகிறேன். புதன்கிழமையை மறந்துவிடாதே. மையத்தில் இரண்டு பெஞ்ச் போட்டிருக்கும், புருஷன் தரப்பு ஒன்றில், பெண் தரப்பு ஒன்றில். வீடியோவில் உன் பக்கத்துப் பெஞ்சில் என்னைத் தேடாதே. நான் தமிழரசி பக்கம் உட்கார்ந்திருப்பேன், பார்த்ததையும் செய்ததையும் சொல்வேன்.

இப்படிக்கு,
உன் அம்மா அம்சம்

அண்ணா, இது நான், சுடர்விழி. அம்மா தூங்கப் போய்விட்டார்கள். புதன்கிழமை என்னை வர வேண்டாம், எனக்குப் பயமாம், நாலு பேர் முன்னால் பேச வராது என்கிறார்கள். பயம்தான். ஆனால் பக்கத்து அறையிலிருந்து என் காதில் விழுந்ததையெல்லாம் தேதியோடு ஆறு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். பேச வராவிட்டால் அதைப் படிப்பேன்.