தற்காலிகத்தின்ர நன்மை

ஜூன் 9, திங்கள்

விடியவே சோளகக் காத்துத் தொடங்கீட்டுது. முரசுமோட்டையில இருந்து பரந்தன் உடுப்புத் தொழிற்சாலை வரைக்கும் சைக்கிள் உழக்கி வர வாயெல்லாம் மண். தையல் மெசினில குந்தின உடன வயித்தைப் பிரட்டிச்சுது. தேசிக்காயை மணந்து மணந்து ஒரு மாதிரிச் சமாளிச்சன். ஒருத்தரும் கவனிக்கேல்லை எண்டு நினைக்கிறன். பிள்ளைத்தாச்சிக் கிளினிக்கில இன்னும் பதியேல்லை. இவர் ஒவ்வொரு நாளும் கேக்கிறார், நான் ஒவ்வொரு நாளும் நாளைக்கு எண்டுறன்.

மாதக் கடைசியோட தற்காலிக வேலைக் கடிதம் முடியுது. ஒரு கிழமை வீட்டில இருக்க வேணும், பிறகு புதுக் கடிதம். இடையில விட்டாத்தானாம் தொடர்ச்சியா வேலை செய்ததாக் கணக்கு வராது. எங்கட லைனில அந்தக் கிழமைக்குத் துடக்கு எண்டு பேர். தீட்டு வீட்டாருக்குக் கோயில் மாதிரித்தான். கேற்றுக்கு இஞ்சால நிண்டு, கழிச்சுப்போட்டு உள்ளுக்குப் போறது.

மத்தியானம் எச்.ஆர். மிஸ் கூப்பிட்டவா. வவுனியாப் பிள்ளை, என்னிலும் வயசு குறைவு. வெள்ளிக்கிழமை புதுக்குடியிருப்பால ஒரு பஸ் நிறையப் புதுப் பிள்ளையள் வருகினமாம். அவைக்கு "தற்காலிக வேலையால தொழிலாளருக்கும் முதலாளிக்கும் வாற நன்மைகள்" எண்டு ஒரு பேச்சு. பேசுறது நானாம்!

"ஏன் மிஸ் நான்?"

"நீங்கள்தானே அக்கா இஞ்ச கனகாலமாத் தற்காலிகம். அனுபவம் உள்ள ஆள் சொன்னா நம்புவினம்."

சிரிக்கிறதோ அழுறதோ தெரியேல்லை. பிறகு குரலைக் குறைச்சுச் சொன்னவா: "மனேஜர் சேரும் வருவார். நிரந்தரத்துக்கு ஆக்களைப் பாக்கிற நேரம் அக்கா. நல்லாப் பேசுங்கோ."

ஓம் எண்டுட்டன். வேற என்ன சொல்லுறது? நிரந்தரக்காரருக்குப் பிள்ளை பிறந்தாச் சம்பளத்தோட லீவு. எங்களுக்கும் சட்டத்தில இருக்காம். ஆனா வயிறு தெரிஞ்சாப் புதுக் கடிதம் வராது, சட்டத்தைக் கொண்டுபோய் ஆரிட்டக் காட்டுறது? கட்டிங் பகுதியில ஒரு பிள்ளை போன வருசம் துடக்குக்குப் போனவள் போனவள்தான். எனக்கு வயிறு தெரிய முதல் நிரந்தரம் வேணும். அவ்வளவுதான்.

ஜூன் 10, செவ்வாய்

வெக்கை. கறண்ட் இல்லை. வாங்க: சவுக்காரம், நுளம்புத்திரி, தேசிக்காய்.

பேச்சு எழுதக் குந்தினன். முதலாளிக்கு நன்மை:
— ஓடர் வந்தா ஆளைக் கூப்பிடலாம், இல்லாட்டி அனுப்பலாம்
— பழக்கிப் பாத்து நல்ல ஆளா எடுக்கலாம்
— பிடிக்காட்டிச் சண்டை சச்சரவு இல்லாமல் நிப்பாட்டலாம்
— சங்கம் கிங்கம் வராது (இதைச் சொல்லக்கூடாது)

கடகடவெண்டு வந்துது. தொழிலாளருக்கு நன்மை எண்டு எழுதின உடன பேனை நிண்டிட்டுது. இவரைக் கேட்டன். மேசன் வேலைக்கு நாட்கூலி போறவர், அவருக்குத் தெரியாத தற்காலிகமோ?

"விருப்பமில்லாத நாள் போகாமல் நிக்கலாம்" எண்டார்.

"நீங்கள் எப்பவாவது விருப்பமில்லை எண்டு நிண்டிருக்கிறியளோ?"

காலில ஒட்டின சீமெந்தைச் சுரண்டினார். "காய்ச்சலுக்கு நிண்டனான்."

முதல்ல எரிச்சல் வந்துது, பிறகு ரெண்டு பேருக்கும் சிரிப்பு.

நேர்மையாப் பாத்தா ஒண்டும் இல்லையெண்டும் சொல்லேலாது. சோதனை எழுதீட்டு மறுமொழி பாத்துக்கொண்டு இருக்கிற பிள்ளையளுக்கு நல்லம். அருவிவெட்டு நேரம் வயலில நிக்கலாம். தொழில் பழகலாம். நானும் முதல் வருசம் சந்தோசமாத்தான் வந்தனான், பிடிக்காட்டி விட்டுட்டுப் போகலாம் எண்டு. எங்க போறது எண்டு அப்ப யோசிக்கேல்லை. சரி, இதையெல்லாம் எழுதி வச்சிட்டன்.

ஜூன் 12, வியாழன்

தேத்தண்ணி நேரம் ஜெனிற்றாவுக்கு வாசிச்சுக் காட்டினன். பக்கத்து மெசின், முல்லைத்தீவுக் கரைப் பிள்ளை. அவளும் தற்காலிகம். என்ர முகத்தைப் பாத்தே விசயத்தைப் பிடிச்சிட்டாள், வாய் திறக்கமாட்டாள்.

"அக்கா, நீங்கள் சத்தி எடுக்காமல் பேசி முடிச்சாலே பெரிய காரியம்."

எச்.ஆர். மிஸ் பேச்சைத் திருத்தித் தந்தவா. துடக்கு எண்டு சொல்லக்கூடாதாம், "ஓய்வு இடைவேளை" எண்டு சொல்லட்டாம். ஜெனிற்றா விழுந்து விழுந்து சிரிக்கிறாள். "நாங்கள் சேர்ச்சுக்குப் போற வேதக்காரர் அக்கா, எங்களுக்குத் துடக்கே இல்லை. இஞ்ச வந்துதான் பிடிச்சது."

இரவு ரெண்டு தரம் பாடமாக்கினன். ஓய்வு இடைவேளை, ஓய்வு இடைவேளை.

ஜூன் 13, வெள்ளி

பேசியாச்சு!

சாப்பாட்டு மண்டபத்தில பிள்ளையள் நிறைஞ்சு இருக்குதுகள், எல்லாம் சின்னன் சின்னன். முன் கதிரையில சேர். அவருக்குத் தமிழ் அரைகுறை, மிஸ் பக்கத்தில இருந்து சொல்லிக் குடுக்கிறா. முதல் பாதி நல்லாப் போச்சுது. பிறகு, "கடிதம் முடிஞ்சா ஒரு கிழமை வீட்டில சந்தோசமா இருக்கலாம், துடக்குக் கழிய உள்ளுக்கு வரலாம்" எண்டு வாயில வந்திட்டுது. பாழாப்போன வாய்!

மிஸ் டக்கெண்டு நிமிந்து பாத்தவா. பிறகு மண்டபமே கொல்லெண்டு சிரிச்சுது. பின்னால நிண்ட ஜெனிற்றா வாயைப் பொத்திக்கொண்டு குனிஞ்சிட்டாள். மிஸ் சேரின்ர காதில சொன்னவா. அவரும் சிரிச்சார். பிறகு பிள்ளையள் கேட்ட கேள்வியெல்லாத்துக்கும் பயமில்லாமல் பதில் சொன்னன். கடைசியில கைதட்டினவை.

"கலக்கீட்டியள் அக்கா. திங்கள் வந்து சந்தியுங்கோ" எண்டவா மிஸ்.

இவருக்குச் சொன்ன உடன ஓடிப்போய் மீன் வாங்கி வந்தார். மணம் தாங்கேலாமல் கிணத்தடிக்கு ஓடினன். ஆனா சந்தோசம், உண்மையாச் சந்தோசம். திங்கள் விசயம் சரியெண்டா அடுத்த கிளினிக் நாளே பதியிறது.

ஜூன் 16, திங்கள்

காத்து இல்லை. புழுக்கம்.

மிஸ்ஸிட்டப் போனன். கதிரை தந்தவா.

"சேருக்கு நல்லாப் பிடிச்சது அக்கா. நிரந்தரத்துக்கு முதல் பேரா உங்கட பேரைத்தான் குடுத்தனான்."

கதிரை நுனிக்கு வந்திட்டன்.

"ஆனா சேர் சொல்லுறார், உங்களை நிரந்தரமாக்கினாப் பிறகு ஆர் இதைப் பேசுறது எண்டு. நிரந்தரக்காரர் வந்து தற்காலிகம் நல்லம் எண்டாப் பிள்ளையள் நம்புவினமோ? இனி மாதாமாதம் ஆக்கள் வருகினம். வருசக் கடைசி வரைக்கும் நீங்கள்தான் பேச வேணும். அந்தத் துடக்குக் கதையையும் விட்டிடாதேங்கோ, அதுதான் எடுபட்டது."

வருசக் கடைசி. எனக்குப் பிள்ளை பிறக்கிறதும் மார்கழிதான்.

"மிஸ், நான்..." எண்டு தொடங்கினன்.

"சொல்லுங்கோ அக்கா."

சொன்னா அடுத்த கடிதம் இல்லை. சொல்லாட்டியும் இன்னும் கொஞ்ச நாளில வயிறே சொல்லிப்போடும். அவவில கோவிக்கவும் ஏலாது. "என்ர கடிதமும் வருசா வருசம்தான் அக்கா" எண்டு தானாவே சொன்னவா. ஓம் மிஸ் எண்டுட்டு எழும்பி வந்திட்டன். லைனில மிச்ச நேரம் என்ன தைச்சன் எண்டே தெரியேல்லை.

வீட்ட வர இவர் படலையில நிக்கிறார். வேலையால வந்து கால்கூடக் கழுவேல்லை.

"என்னவாம்?"

"நல்லாப் பேசினனாம்."

"அப்ப நிரந்தரம்?"

"அடுத்த மாதமும் வந்து பேசட்டாம்."