இருபது நிமிடக் கோழி

இன்று முற்பகல் முதலுதவிப் பெட்டியை அவசரமாகத் திறந்தபோது உம்முடைய கோழி உருண்டு வந்து என் காலடியில் விழுந்தது. நீல பிளாஸ்டர்களுக்குப் பின்னால், நீர் வைத்த இடத்திலேயே இவ்வளவு நாளும் இருந்திருக்கிறது. கழுத்தைத் திருகினால் ஓடும் அந்தக் கோழி வடிவச் சமையலறை மணிக்கூட்டின் வெள்ளைப் பிளாஸ்டிக் பழுப்பாகிவிட்டது. வயிற்றில் நீர் ஒட்டிய தாள் மட்டும் அப்படியே இருக்கிறது. நோர்வேஜிய மொழியில் "தீக்காயத்துக்கு மட்டும்" என்றும், அதற்குக் கீழே தமிழில் "எடுத்தால் கை முறியும்" என்றும் எழுதியிருக்கிறீர். அந்த நாளில் இந்தச் சமையற்கூடத்தில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். ஆகவே அந்த மிரட்டல் எனக்கு மட்டும் எழுதியது.

இப்போது வேலை முடிந்துவிட்டது. முதியோர் இல்லத்தின் சாப்பாட்டு மண்டபத்தில் ஒருவருமில்லை. நாளைய உணவுப் பட்டியலின் பின்பக்கத்தில் இதை எழுதுகிறேன். முழங்கால் இரண்டும் பாரமாக இருக்கின்றன. எழும்பிப் போய்ப் பஸ் பிடிக்க வேண்டும், ஆனால் உமக்கு ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. பதினொரு மாதமாக அதைச் சொல்லாமல் வைத்துக்கொண்டு திரிகிறேன். அதுவும் ஒரு வேலை மாதிரித்தான், அதிலும் களைத்துவிட்டேன்.

நீர் இந்த நாட்டின் வடகோடியில், பாட்ஸ்பியோர்ட்டில் பல வருடம் மீன் வெட்டிவிட்டு இங்கே வந்தவர். கத்திக்காயம் உமக்குப் புதிதல்ல. யாராவது விரலை வெட்டிக்கொண்டு ஐயோ என்று கத்தினால், நீர் துணியை மடித்து வைத்து, "பாக்காதையும். அமத்திப் பிடிச்சுக்கொண்டு கையை மேலை தூக்கும்" என்று சொல்லிவிட்டு உம்முடைய வெங்காயத்துக்குத் திரும்பிவிடுவீர். ஐந்து நிமிடம் கழித்து வந்து பார்ப்பீர். அந்த ஐந்து நிமிடமும் காயக்காரர் கோயிலில் நிற்பதுபோல் கையை உயர்த்திக்கொண்டு நிற்பார்.

மரக்கறி கொண்டுவந்த லொறிச் சாரதி ஒருமுறை குளிர் அறை வாசலில் மயங்கி விழுந்தாரே, நினைவிருக்கும். நான் வழக்கப்படி ஒரு கோப்பைத் தண்ணீரோடு ஓடிவந்தேன். நீர் அவர் மூச்சைக் கவனித்துக்கொண்டே என்னைத் திட்டினீர். "மயங்கிக் கிடக்கிறவருக்குத் தண்ணி பருக்கி மூச்சடைக்கப் பண்ணப் போறீரோ? வையும் அதை. காலைத் தூக்கும்." மனிதர் நல்ல பாரம். ஆளுக்கொரு காலாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றோம். அவர் கண் விழித்து எங்கள் இரண்டு பேரையும், தன் சப்பாத்துகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மன்னிப்புக் கேட்டார். எதற்கென்று அவருக்கும் தெரியவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை. நீர் அன்று சிரித்த சிரிப்பை நான் பிறகு காணவில்லை.

என் கை வெந்தது அதற்கு முந்திய மாரிக் குளிரில். அப்போது நான் விடிய ஐந்து மணிக்குக் குரோருட்டில் ஒரு பாடசாலையைத் துப்புரவாக்கிவிட்டு, அங்கிருந்து நேரே இங்கே வருவேன். அன்று கிழங்கு அவித்த சட்டியைத் தூக்கும்போது கை நழுவி, கொதிதண்ணீர் இடது முன்னங்கையில் ஊற்றுண்டது. சத்தம் போடவில்லை. சத்தம் போட்டால் வேலை நிற்கும், வேலை நின்றால் எல்லாரும் என்னைப் பார்ப்பார்கள். பேசாமல் குளிர்பெட்டியைத் திறந்து பட்டரை எடுத்தேன். ஊரில் நெய், இங்கே பட்டர், அவ்வளவுதான் என் வைத்தியம்.

நீர் அதைத் தட்டிவிட்டீர். "உம்மடை கை என்ன பாணே, பட்டர் பூச?"

கத்தரிக்கோலால் சட்டைக் கையை வெட்டினீர். உள்ளே என் காப்பு இருந்தது. சமையற்கூடத்தில் நகை போடக்கூடாது என்று எனக்குத் தெரியும். நான் அதை முழங்கைப் பக்கமாகத் தள்ளி ஒளித்துவைத்துத்தான் மூன்று வருடம் வேலை செய்தேன். நாட்டைவிட்டு வெளிக்கிட்ட அன்று அம்மா போட்டுவிட்ட காப்பு. ஒருநாளும் கழற்றியதில்லை. நீர் ஒன்றும் கேட்காமல் பாத்திரம் கழுவும் சவர்க்காரத்தைப் பூசி, "வீங்கினால் பிறகு வெட்டித்தான் எடுக்கவேணும்" என்று சொல்லி உருவி எடுத்தீர். கொதிதண்ணீருக்கு வராத அழுகை அதற்கு வந்தது. வைக்க இடமில்லாமல் காப்பை உம்முடைய கையிலேயே போட்டுக்கொண்டீர்.

பிறகு தண்ணீர்க் குழாய். அந்த மாரியில் குழாய்த் தண்ணீர் ஐஸ் மாதிரி வரும். நீர் சுடுதண்ணீரையும் கொஞ்சம் கலந்து, உம்முடைய முழங்கையில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் என் கையை அதன் கீழே பிடித்தீர். மற்றக் கையால் முட்டை அவிக்கும் கோழியை எட்டி எடுத்து, கழுத்தை இருபதுக்குத் திருகி, குழாய்க்கு மேலிருந்த தட்டில் வைத்தீர்.

கொஞ்ச நேரத்தில் எரிவு போய்விட்டது. "காணும். இப்ப எரியேல்லை" என்றேன்.

"மூண்டு நிமிஷம்கூட ஆகேல்லை. கோழியைப் பாரும்."

"கிழங்கு..."

"மேலாலை ஆறினமாதிரித்தான் இருக்கும். உள்ளுக்கை வெந்துகொண்டே போகும். இது தெரியாமல்தான் எல்லாரும் கையை எடுக்கிறவை. பேசாமல் நில்லும்."

பொறுப்பாளர் வந்து, தட்டுகளைக் காட்டி, சுவர் மணிக்கூட்டைக் காட்டி, ஏதோ சொன்னார். நீர் என் கையை விடாமல், திரும்பியும் பார்க்காமல், இன்னும் பதினான்கு நிமிடம் இருக்கிறது, மிச்சக் கிழங்கை நீங்களே வடியுங்கள் என்றீர். அந்த மனிதர் வடித்தார்! அன்று கட்டில்களில் காத்திருந்த முதியவர்கள் கொஞ்சம் பிந்திச் சாப்பிட்டார்கள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அந்தப் பதினான்கு நிமிடத்தில் நீர் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டீர். "இண்டைக்கு ஏதும் சாப்பிட்டனீரோ?" நான் இல்லை என்று தலையாட்டினேன். இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து நான் ஓரிடத்தில் சும்மா நின்றது அன்றுதான். சும்மா நிற்கும் என் கையை இன்னொருவர் பிடித்துக்கொண்டு நின்றதும் அன்றுதான். மணி அடித்ததும் துணியால் ஒற்றி, காயத்தை மூடிக் கட்டி, என்னை வைத்தியரிடம் அனுப்பினீர். காப்பைத் தாளில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துவிட்டீர். மறுநாள் கோழி முதலுதவிப் பெட்டிக்குப் போய்விட்டது. முட்டைக்கு வேறு மணிக்கூடு வாங்கச் சொன்னீர்.

இனிச் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன்.

போன மாரியில் நீர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, வேலைக்குப் போகும் வழியில் ஒரு புதன்கிழமை வந்தேன். வயிற்றில் வந்த வருத்தம் உம்மை அரைவாசியாக்கியிருந்தது. எங்களுடைய முதலுதவிப் பெட்டியில் அதற்கு மருந்தொன்றும் இல்லை. கதிரையின் நுனியில் இருந்தேன். நீர் என்னைப் பார்த்துவிட்டு, "ஜக்கெற்றைக் கழட்டிப்போட்டு இரும்" என்றீர்.

"இல்லை, பஸ் போயிடும். ஞாயிற்றுக்கிழமை வந்து ஆறுதலாய் இருக்கிறன்."

உம்முடைய கை போர்வைக்கு மேல் விரிந்து கிடந்தது. நான் அதைப் பிடிக்கவில்லை. இரண்டு தட்டுத் தட்டிவிட்டு எழும்பினேன்.

"ஓம், ஓம். நல்லாக் களைச்சுப்போனீர். போய்ட்டு வாரும்."

வெள்ளிக்கிழமை நீர் போய்விட்டீர்.

உண்மையில் பதினைந்து நிமிடத்தில் அடுத்த பஸ் இருந்தது. எனக்குத் தெரியும். உம்மைப் பார்க்கப் பயமாக இருந்தது, களைப்பாகவும் இருந்தது, இரண்டையும் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். நீர் எனக்கு இருபது நிமிடம் தந்தவர். நான் உமக்கு ஜக்கெற்றைக்கூடக் கழற்றித் தரவில்லை. எத்தனையோ பேர் ஆறுதல் சொன்னார்கள், வேலைக்குப் போகத்தானே வேண்டும் என்று. அவர்களுக்கு அடுத்த பஸ்ஸைப் பற்றி நான் சொல்லவில்லை.

இன்று நடந்ததையும் கேளும். உம்முடைய இடத்துக்கு வந்திருப்பவர் கவிதா, மதுரைக்காரி. நாற்பது வயது இருக்கும். நான் கதைப்பதில் பாதி விளங்காமல் தலையாட்டுவார். இன்று அவர் நீராவி அடுப்பின் கதவைத் திறந்தபோது ஆவி அடித்து மணிக்கட்டு முழுக்கச் சிவந்துவிட்டது. "ஒண்ணும் இல்லக்கா, லேசாதான் பட்டிருக்கு. டூத்பேஸ்ட் தடவினா சரியாயிடும்" என்று பையைக் கிண்டத் தொடங்கினார். நான் ஓடிப்போய்ப் பெட்டியைத் திறந்தேன். அப்போதுதான் கோழி விழுந்தது.

மோதிரத்தைச் சவர்க்காரம் பூசிக் கழற்றினேன். வைக்க இடமில்லாமல் என் விரலில் போட்டுக்கொண்டேன். தண்ணீரை முழங்கையில் பிடித்துப் பார்த்தேன், கோழியை இருபதுக்குத் திருகினேன். மூன்றாவது நிமிடத்தில் அவர், "போதும்க்கா, எரியல" என்றார். "கோழியைப் பாரும்" என்றேன். அவருக்கு அது விளங்கியதோ தெரியாது, ஆனால் கையை எடுக்கவில்லை. இப்போதைய பொறுப்பாளர் வந்து தட்டுகளைப் பார்த்தார். நான் ஒன்றும் சொல்ல முதலே அவர் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு மீன் தட்டை எடுத்தார். யாராவது காயப்பட்டால் பொறுப்பாளர் வேலையை எடுப்பது இங்கே இப்போது வழக்கமாகிவிட்டது. யார் பழக்கியது என்று அவருக்குத் தெரியாது.

என் இடுப்பு வலித்தது. இருபது நிமிடம் இன்னொருவர் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பது எவ்வளவு நீளம் என்று எனக்கு இன்றுதான் தெரிந்தது. அன்று நீரும் விடிய ஐந்து மணிக்கு எழும்பி வந்தவர்தானே. உமக்கும் இடுப்பு வலித்திருக்கும். அதை நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

மணி அடித்ததும் மோதிரத்தைத் தாளில் சுற்றிக் கவிதாவின் பையில் வைத்தேன். அவரை அவருடைய கணவர் வந்து வைத்தியரிடம் கூட்டிப்போனார். எல்லாரும் போன பிறகு நான் ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு வாசல்வரை வந்தேன். பிறகு திரும்பி வந்து, பெட்டியில் மறுபடி வைத்திருந்த கோழியை எடுத்தேன். கை முறிந்தால் முறியட்டும். ஜக்கெற்றைக் கழற்றிக் கதிரையில் போட்டேன். கோழியின் கழுத்தை இருபதுக்குத் திருகி மேசையில் வைத்துவிட்டு, உம்முடன் இருக்கிறேன்.

அது இப்போது அடித்து ஓய்ந்துவிட்டது. நான் எழும்பவில்லை. அடுத்த பஸ் இருக்கிறது.