ஏழுக்கு மேல் ஏறாத நைனாவுக்கு

நைனா,

கடையில் இப்போது சந்தன வாசனை அடிக்கிறது. ஊதுபத்தி இல்லை, சாமி படத்துக்குப் பூசியதும் இல்லை. உன் கம்ப்யூட்டர் பெட்டியின் பின்பக்கத்திலிருந்து சூடான காற்றோடு வருகிறது. அரைமணி நேரம் ஓடினால் போதும், உள்ளே எங்கோ ஒட்டிக்கிடக்கும் மிச்சம் மீதி சூடேறிவிடுகிறது. நேற்று ஃபாரம் நிரப்ப வந்த ஒரு பெண் கடையில் பூஜையா என்று அம்மாவைக் கேட்டாள். பூஜையெல்லாம் முடிந்துவிட்டது, இப்போது நடப்பது பிராயச்சித்தம் என்று நான்தான் பதில் சொன்னேன்.

ஆயுத பூஜைக்கு எல்லோரும்தான் சந்தனம் வைக்கிறார்கள். லாரிக்கு வைக்கிறார்கள், தையல் மெஷினுக்கு வைக்கிறார்கள். அவை மூக்கால் மூச்சு விடுவதில்லை. நீ எங்கே வைத்தாய்? பெட்டியின் முன்பக்கம் காற்று போக வரிசையாகத் துளைகள் இருந்தனவே, சரியாக அதன்மேல். அதுதான் முகம் என்றாய். போன வருஷத்துச் சந்தனத்தைத் துடைப்பது பாவம் என்று அதன் மேலேயே இந்த வருஷத்தது, அதன் மேல் அடுத்த வருஷத்தது. நடுவில் குங்குமம். பக்தியால் மூக்கடைத்துப்போன கம்ப்யூட்டர் சித்தூரில் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

கலெக்டர் ஆபீஸ் பக்கத்துச் சந்தில் ஒரே அறை, ஒரே பெட்டி, 'ஆன்லைன் சென்டர்' என்று ஒரு போர்டு. அதற்கு நீ கொடுத்துக்கொண்ட கெத்து கொஞ்சமா? உனக்குத் தெரிந்த தொழில்நுட்பம் மொத்தம் மூன்று. வேலை செய்யாவிட்டால் 'சர்வர் டவுன்'. அப்போதும் செய்யாவிட்டால் 'வைரஸ்'. மூன்றாவது, பிளக்கைப் பிடுங்கித் திரும்பச் செருகுவது. இதை வைத்துக்கொண்டு பத்துப் பதினைந்து வருஷம் ஊரை ஓட்டினாய் என்றால் ஊரைத்தான் சொல்ல வேண்டும்.

பெட்டிக்குள் அதை ஓட்டுகிற மென்பொருள், அந்த ஓ.எஸ்., ஏழாம் நம்பர். எட்டு வந்தது, பத்து வந்தது, பதினொன்றும் வந்தது. நீ அசையவில்லை. "ஏழுமலையானுக்கே ஏழு போதும், நமக்கு இன்னாத்துக்கு பதினொண்ணு?" என்பாய். வந்தவர்கள் சிரிப்பார்கள். நான் சிரிக்க மாட்டேன், ஏனென்றால் அதை நூறு தடவை கேட்டிருந்தேன். திரையின் மூலையில் அப்டேட் பெட்டி எட்டிப்பார்க்கும்போதெல்லாம் 'பிறகு நினைவூட்டு' என்பதை அழுத்துவாய். அந்த ஒரு பொத்தானில் மட்டும் உன் விரல் ஒரு நாளும் தவறியதில்லை. கேட்டால் ஒரே பதில், "ஓடிக்கினு கீதுல்ல, வுடு."

அதற்காகத்தான் அந்த விளையாட்டை விளையாடினேன். நீலத்திரை, நடுவில் சுற்றும் புள்ளிகள், 'அப்டேட் ஆகிறது, அணைக்க வேண்டாம், 99 சதவீதம்' என்று ஒரு படம். அதைத் திரை முழுக்க விரித்து வைத்துவிட்டு ஸ்கூலுக்குப் போய்விட்டேன். நாலரைக்குத் திரும்பினால் நீ கைகட்டி அதன்முன் உட்கார்ந்திருக்கிறாய். காலையிலிருந்து வந்த எல்லோரையும் திருப்பி அனுப்பியிருந்தாய். இன்னும் ஒரே ஒரு சதவீதம்தான் பாக்கி என்று என்னிடம் ரகசியமாகச் சொன்னாய். நான் கீபோர்டில் ஒரு பொத்தானை அழுத்தினேன். திரை மறைந்து உன் பழைய ஏழுமலையான் படம் வந்தது.

ஒரு மனிதனுக்கு அப்போது கோபம் வர வேண்டாமா? திருப்பதியில் பெரியப்பா வீட்டுக் காதுகுத்தில் போய், எம்பொண்ணு என்னியே ஏமாத்திட்டா என்று பந்தி பந்தியாகப் பெருமை பேசினாய். கேட்டவர்கள் உன்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அதுகூட உனக்கு விளங்கவில்லை. ஆனால் பெரியப்பா அதை மறக்கவில்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

இடது தோள் வலிக்கிறது என்று நீ சொல்ல ஆரம்பித்தது போன வருஷம். திருமலைக்கு ஏறும் அலிபிரி படியில் பாதியில் உட்கார்ந்தாய். அம்மா வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டிவிட்டு வரச் சொன்னாள். வேலூர் என்ன சிங்கப்பூரா? நம் பஸ் ஸ்டாண்டிலிருந்து நிமிஷத்துக்கு ஒரு பஸ். "அப்புறம் பாத்துக்கலாம்" என்றாய். மறுபடி சொன்னாள். "ஓடிக்கினு கீதுல்ல, வுடு." கம்ப்யூட்டருக்கும் நெஞ்சுக்கும் ஒரே வைத்தியம். ஒரு செவ்வாய்க்கிழமை காலை கடையின் ஷட்டரைப் பாதி தூக்கியவன் மீதியைத் தூக்கவில்லை. இதற்கு உன்னை எப்படித் திட்டுவது என்று யோசித்துப் பார்த்தேன். பொருத்தமான வார்த்தை தமிழிலும் இல்லை, தெலுங்கிலும் இல்லை.

அம்மா முப்பது நாள் கழித்து அந்த ஷட்டரைத் தூக்கினாள். ஃபாரம் நிரப்ப உன்னைவிட அவளுக்கு நன்றாகவே வந்தது, எழுத்துப் பிழையும் இல்லை. ஆனால் ஒவ்வொரு இணையதளமாகக் கதவைச் சாத்தத் தொடங்கியது. உங்கள் கணினி பழையது என்று ஒரு வெள்ளைப் பக்கம் வரும், அவ்வளவுதான். அட்மிஷன் ஃபாரம் சீசன் வேறு நெருங்கியது. புதுப் பெட்டி வாங்குகிற நிலையில் நாங்கள் இல்லை. பெரியப்பா வந்து உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னார். அறையைக் காலி செய்வது, அம்மா அவர் மேனேஜராக இருக்கும் லாட்ஜில் வேலைக்குச் சேர்வது, நான் ஹாஸ்டலுக்குப் போவது. அம்மா தலை குனிந்தபடி, திங்கள் பத்து மணிக்கு அட்மிஷன் தளம் திறக்கும், அது நம் பெட்டியில் திறந்தால் கடையை எங்களிடமே விட்டுவிடுங்கள் என்று கேட்டாள். பெரியப்பா சிரித்துக்கொண்டே சரி என்றார்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு மெக்கானிக்கிடம் போனேன். திறந்துகூடப் பார்க்கவில்லை. "மியூசியம்கி இச்சேயம்மா" என்று தெலுங்கில், மியூசியத்துக்குக் கொடுத்துவிடச் சொன்னார். மியூசியத்தில் உன்னைத்தான் வைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு திரும்பினேன்.

பதினொன்றாம் நம்பருக்கு ஒரு திமிர் உண்டு நைனா. வாசலிலேயே பெட்டியின் ஜாதகம் கேட்கும். இன்ன சிப் இருக்கிறதா, இன்ன வருஷத்துக்குப் பிறகு பிறந்ததா? இல்லையென்றால் தகுதி இல்லை, போ. ஆனால் அந்தக் கேள்வியையே கேட்காதபடி பென்டிரைவைத் தயார் செய்ய வழி இருக்கிறது. தோழியின் லேப்டாப்பில் செய்துகொண்டு வந்தேன். செருகும்போது உன் ஞாபகம் வந்தது. சித்தூர் திருப்பதி பஸ்ஸில் எனக்கு எத்தனையோ வருஷம் பதினொரு வயதுதான். கண்டக்டர் வருவதற்குள் "முட்டிய மடக்கிக்கோ" என்று காதோரம் சொல்வாய். பாகாலா தாண்டும்வரை மடக்கிய முட்டியோடு நிற்பேன். ஒரு தடவை கண்டக்டர் என்ன கிளாஸ் என்று கேட்க, வேண்டுமென்றே நைன்த் என்றேன். பாப்பாவுக்கு டபுள் பிரமோஷன் சார் என்று கண்ணிமைக்காமல் சொன்னாய். வெட்கம் கெட்ட மனுஷன். ஞாயிறு காலை அந்தக் கிழட்டுப் பெட்டியைப் பதினொன்று என்று சொல்லி நானும் அரை டிக்கெட்டில் ஏற்றினேன்.

முதலில் உன் கோப்புகளை எடுத்து வைத்தேன். நியூ ஃபோல்டர் ஒன்றிலிருந்து நியூ ஃபோல்டர் நாற்பத்தேழு வரை. ஒன்றுக்குக்கூடப் பெயர் வைக்கச் சோம்பல். எனக்குப் பெயர் வைத்தது அம்மாதான் என்பதில் இனி சந்தேகமே இல்லை.

முப்பத்தோரு சதவீதத்தில் பெட்டி பட்டென்று அணைந்தது. தொட்டால் தோசைக்கல். திருகாணிகளைக் கழற்றிப் பெட்டியைத் திறந்தேன். உள்ளே விசிறி சுற்றவே இடமில்லை. தூசியும் சந்தனமும் குங்குமமும் சேர்ந்து சிவப்பு வடையாக இறுகிப்போயிருந்தது. பழைய டூத் பிரஷ்ஷை வைத்துச் சுரண்டினேன். சுரண்டச் சுரண்ட உன்னைத் திட்டினேன். அம்மா வாசலில் இருந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள், தடுக்கவில்லை. முன்பக்கத் துளைகளின் மேலிருந்த பூச்சு மட்டும் தூளாகாமல் ஒரு சில்லாகப் பெயர்ந்து வந்தது. நீ கட்டைவிரலால் அழுத்திய இடத்தில் ரேகை அப்படியே இருந்தது. அதை ஓரமாக வைத்துவிட்டு மறுபடி ஆரம்பித்தேன்.

இந்தத் தடவை முப்பத்தொன்றைத் தாண்டியது. பெட்டி தானாக அணைந்து தானாக எழுந்தது. சுற்றும் புள்ளிகள், 'அணைக்க வேண்டாம்', சதவீதம். மத்தியானம் அறுபத்துநாலில் வந்து நின்றுகொண்டது. திங்கள்வரை தவணை கொடுத்த பெரியப்பா ஞாயிறே ஒரு கூட்ஸ் ஆட்டோவோடு வந்து இறங்கினார். நாளைக்கு லாட்ஜில் கூட்டமாம், அதனால் இன்றே சாமானை ஏற்ற வேண்டுமாம்.

உள்ளே நுழைந்து திரையைப் பார்த்தார். பிறகு அம்மாவிடம் திரும்பினார்.

"இது இன்னா படம் வச்சிக்கினு கீறாம்மா இவ? அவனையே ஒரு நாள் பூரா உக்கார வச்சவ. என்கிட்டயேவா?"

நிஜம் பெரியப்பா, பாதியில் அணைத்தால் எல்லாம் போய்விடும் என்றேன். என் குரல் எனக்கே பொய் மாதிரிக் கேட்டது. நீ பந்தி பந்தியாகப் பேசிய பெருமை அன்றைக்குத்தான் வேலை செய்தது. அறுபத்துநாலும் அசையவில்லை. அசைந்து தொலைத்தால் என்ன? பெரியப்பா குனிந்து பிளக்கின் மேல் கை வைத்தார்.

அம்மா நாற்காலியிலிருந்து எழுந்துகூட வரவில்லை. இத்தனை வருஷத்தில் அவர் முன்னால் அவள் குரலை நான் கேட்டதே குறைவு.

"வுடுங்க மாமா. ஓடிக்கினு கீதுல்ல."

அவர் கை நின்றது. அந்த வாக்கியம் யாருடையது என்று அவருக்கும் தெரியும். சின்ன வயதிலிருந்து கேட்டவர்தானே. கையை எடுத்துக்கொண்டு, ஃபாரத்துக்கு வருகிறவர்கள் உட்காரும் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். மூன்று பேரும் கைகட்டித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கொஞ்சம் கழித்து அறுபத்தைந்து என்று வந்தது. வெளியே ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். பெரியப்பா எழுந்துபோய் அவரை அனுப்பிவிட்டு வந்தார்.

திங்கள் பத்து மணிக்குத் தளம் திறந்தது. மெதுவாகத்தான், உன்னை மாதிரியே இழுத்து இழுத்து. ஆனால் திறந்தது. இப்போதும் ஓடுகிறது. அப்டேட் பெட்டி எட்டிப்பார்த்தால் அம்மா உடனே 'இப்போதே' என்பதை அழுத்துகிறாள். வேலூருக்கும் அவளை ஒரு தடவை அழைத்துப்போய் எல்லாம் பார்த்துக்கொண்டு வந்துவிட்டேன், பஸ்ஸில் முழு டிக்கெட் எடுத்து.

வாழ்நாள் முழுக்க நீ தப்பான இடத்தில் சொன்ன வாக்கியம் நைனா, அந்த 'ஓடிக்கினு கீதுல்ல'. ஒரே ஒரு முறை சரியான இடத்தில் சொல்ல அம்மா வர வேண்டியிருந்தது. உன்மேல் எனக்கு மரியாதை வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே.

அந்தச் சந்தனச் சில்லு என் ஜியோமெட்ரி பாக்ஸில் இருக்கிறது. குப்பையில் போடத்தான் எடுத்து வைத்தேன். தினமும் பாக்ஸைத் திறக்கும்போது கண்ணில் படுகிறது, கையிலும் எடுக்கிறேன். அப்புறம் போடலாம் என்று மூடிவிடுகிறேன்.