ஏழாவது கல்

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் முழங்கால் வலி தேவலையா? ஃபிரிஸ்கோவில் நாங்கள் சுகம்.

ஆடி வெள்ளியன்று வீட்டுக்குப் பின்னால் இருக்கும் குளத்தங்கரையில் ஏழு கல் நட்டு, மஞ்சள் பூசி, கன்னிமாரைக் கும்பிட்டேன். மறுநாள் ஆறுதான் இருந்தன. ஏழாவது கல் வான்மதியின் போர்வைக்குள் கிடந்தது. “ஷீ வாஸ் கோல்ட், அம்மா” என்றாள்; கல்லுக்குக் குளிரியதாம். நாலு வயசுப் பிள்ளை, விளையாட்டுதான். லேசான காய்ச்சல், பயப்படாதீர்கள்.

ஆனால் தினமும் ஜன்னலில் நின்று குளத்தைப் பார்த்துக் கையசைக்கிறாள். “யாருக்குக் கண்ணு டாட்டா காட்டற?” என்றால், “ஹர் சிஸ்டர்ஸ்” என்கிறாள். அவர்கள் அக்கா தங்கைகள் என்று நான் சொன்னதே இல்லை, அம்மா.

கல்லைத் திருப்பி வைக்கும்போது பிள்ளையைக் கூட்டிப்போகலாமா, கூடாதா? பூசாரியிடம் கேட்டு எழுதுங்கள். போனில் பேசினால் அழுதுவிடுவேன்.

அதுவரை பின்கதவைப் பூட்டி, சாவியைத் தாலிக்கொடியில் கோத்திருக்கிறேன்.

உங்கள் ப்ரியா