விட்கம் துரை நடந்த நடை

ஸ்ரீவில்லிபுத்தூர்
16 ஆகஸ்டு 1938

அன்புள்ள மகன் மாசிலாமணிக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையால் இங்கே நாங்கள் சுகம், லண்டனில் நீயும் சுகமாயிருக்க ஜெபிக்கிறோம் என்று தொடங்குவது முறை, தொடங்கிவிட்டேன். எங்கள் சுகம் எந்த மட்டில் இருக்கிறது என்பதைப் போகப்போகத் தெரிந்துகொள்.

உன் கடிதம் வந்தது. வழக்கம்போல விட்கம் துரைக்குத் தொண்டை கட்டியது, விட்கம் துரைக்குத் தொண்டை திறந்தது, விட்கம் துரை மேடையில் அழுதபோது முன்வரிசைச் சீமாட்டிகள் கைக்குட்டையை எடுத்தார்கள், இவ்வளவுதான். நீ சாப்பிட்டாயா, உன் இருமல் நின்றதா, ஒரு வரி கிடையாது. நாடகக் கொட்டகையில் அவருக்குச் சட்டை மாட்டிவிடுகிற வேலை உனக்கு, அதை நான் குறை சொல்லவில்லை, ஆனால் பெற்ற மகனைவிட அந்த மனிதர் சரித்திரம்தான் எனக்கு அதிகம் தெரிகிறது. ரொட்டிக்கடைக்காரர் மகன், அப்பனிடம் சொல்லாமல் நாடகக் கம்பெனியோடு ஓடினவர், வருஷக்கணக்கில் ராஜாவுக்குப் பின்னால் ஈட்டியைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றவர், பெரிய நடிகர் காய்ச்சலில் படுத்த அன்று அவர் பாகத்தை ஆடிப் பேர் வாங்கினவர், பேசும் படம் வந்ததும் மற்றவர்கள் குரல் எடுபடாமல் போக இவர் குரலால் பிழைத்தவர். நான் பாடம் சொல்லிக்கொடுக்கிற பள்ளிக்கூடத்தில் என்னைக் கேட்டால் ஆபிரகாமின் வம்சவரலாற்றுக்குப் பதில் இதை ஒப்பித்துவிடுவேன் போலிருக்கிறது. அவர் தொண்டைக்குச் சுக்கும் பனங்கற்கண்டும் போட்டுக் கஷாயம் வைத்துக் கொடுக்கிறாயாமே, யாரிடம் கற்ற கஷாயம் அது? இங்கே உன் அப்பாவுக்கு யார் வைத்துக் கொடுக்கிறார்கள் என்று நினைத்துப் பார்த்தாயா?

இப்போது துரையை அமெரிக்காவில் படம் எடுக்கக் கூப்பிடுகிறார்கள், உன்னையும் கூட்டிப் போகிறார், திரும்ப நாலைந்து வருஷம் ஆகும், அப்பா சம்மதம் வேண்டும் என்று கேட்டிருக்கிறாய். போன ஐப்பசி மழையில் அவருக்குப் பாரிசவாயு வந்து வலது கையும் காலும் விழுந்துபோனதை நான் இரண்டு தரம் எழுதினேன். நீ பதிலுக்கு, வருத்தமாயிருக்கிறது, துரையின் புது நாடகம் நூறு நாள் ஓடியது என்று ஒரே மூச்சில் எழுதினாய். செண்பகத்தோப்புக் காட்டில் பாரஸ்டு கார்டாக முப்பது வருஷம் மலையேறி இறங்கின மனிதரை இப்போது கட்டிலிலிருந்து நாற்காலிக்கு நான் ஒருத்தி கட்டித் தூக்கி நகர்த்துகிறேன். எனக்கு என்ன இளவயதா? சம்மதத்தைப் பற்றிக் கேட்டால் அவர் சுவரைப் பார்ப்பார், நான் மறுபடி கேட்பேன், அவர் மறுபடி சுவரைப் பார்ப்பார். உங்கள் இருவருக்கும் நடுவில் நான்தான் லொங்குலொங்கென்று அலைய வேண்டியிருக்கிறது.

இந்த லட்சணத்தில் இராஜபாளையத்துக்கு டூரிங் டாக்கீஸ் வந்தது. வண்டியில் தமுக்கடித்து நோட்டீஸ் போட்டுக்கொண்டு போனான், எடுத்துப் பார்த்தால் உன் துரையின் பேர். சினிமாவுக்குப் போவது பாவம் என்று நம் சபை ஐயர் பிரசங்கத்துக்குப் பிரசங்கம் சொல்கிறார், நானும் பிள்ளைகளுக்கு அதையேதான் சொல்லி வந்திருக்கிறேன். உன் அப்பா கேட்டால்தானே. சங்கிலிப்பாண்டியின் மாட்டுவண்டியில் வைக்கோலைப் பரப்பி அவரைப் படுக்கவைத்து, வழியெல்லாம் ஒரு கையால் அவர் தலையைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். மில்லில் ஷிப்டு முடிந்து வந்த கூட்டம் வேறு, ஒரே பீடிப்புகை.

துரை அதில் மலைக்கிராமத்துத் தலைவராம். வெள்ளைக்காரர் முகத்தில் மையைப் பூசித் தலையில் முண்டாசைக் கட்டினால் எப்படி இருக்கும், சகிக்கவில்லை, சனங்கள் விசிலடித்தார்கள். இதற்காகவா மகன் சீமையில் கிடக்கிறான் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்புறம் அந்த மனிதர் எழுந்து நடந்தார். கம்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு, இடது கையைப் பின்னால் கட்டி, முதலில் தரையைப் பார்த்து, பிறகு மர உச்சியைப் பார்த்து, ஒரு தரம் நின்று மூச்சு வாங்கி நடந்தார். ஒரு பங்களாவுக்குள் போய் நாற்காலியில் உட்காருமுன் அதைக் கம்பால் இரண்டு தட்டுத் தட்டினார். கொட்டகையே சிரித்தது. பாம்புக்குப் பயந்து கோயில் பெஞ்சைக்கூடத் தட்டிவிட்டு உட்காருகிற மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான், அவர் என் தோளில் சாய்ந்திருந்தார். பின்னால் நின்ற சங்கிலிப்பாண்டி குனிந்து, “டீச்சரம்மா, நம்ம கார்டையாவுல்லா நடக்காவ” என்றான்.

நீ சொல்லிக் கொடுத்த நடை அது. ஒரு வார்த்தை முன்னாலேயே எழுதியிருந்தால் நான் மனதைத் திடப்படுத்திக்கொண்டாவது போயிருப்பேன். அத்தனை பேர் நடுவில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன், அதற்காகவும் உன்மேல் எனக்குக் கோபம்தான். உன் அப்பா அழவில்லை, சிரிக்கவும் இல்லை. திரும்பும் வழியில் குழறிக் குழறிச் சொன்னார், இறக்கத்தில் தான் கம்பை ஊன்றித்தான் இறங்குவாராம், துரை அங்கே தப்புப் பண்ணிவிட்டாராம். மறுநாளும் போகவேண்டும் என்றார். படம் மாற்றும்வரை தினமும் போனோம். என் இடுப்பு ஒடிந்துவிட்டது, ஐயரும் கேள்விப்பட்டு வீட்டுக்கு வந்து ஜெபம் பண்ணிவிட்டுப் போனார்.

கடைசி ஆட்டம் பார்த்து வந்த மறுநாள் காலையில், கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது, நான் கேட்காமலே உன் அப்பா வாயைத் திறந்தார்.

“ஏட்டி, அவன் தொரை கூடவே போகட்டும்னு எழுது. அங்கனயாவது நான் நடந்துக்கிட்டு இருப்பேன்லா.”

அவர் சொன்னதை ஓர் எழுத்துக் குறையாமல் எழுதிவிட்டேன். கேட்ட சம்மதம் கிடைத்துவிட்டது, சந்தோஷம்தானே? இனி நான் சொல்வதையும் கேள். இத்தனை வருஷமாக நீ எங்களை மறந்துவிட்டாய் என்று நினைத்து உன்னைத் திட்டிக்கொண்டு வேலையைப் பார்த்து வந்தேன், அது ஒரு விதத்தில் சௌகரியமாக இருந்தது. அதையும் கெடுத்துவிட்டாய். மறந்தவனைத் திட்டித் தீர்க்கலாம், பெற்றவன் மூச்சு வாங்குகிற இடம் வரைக்கும் ஞாபகம் வைத்துக்கொண்டு வராமல் இருக்கிறவனை நான் என்ன செய்ய? படத்தில் நடக்கிறவரைப் பார்த்து ஊர் கைதட்டும், கட்டிலில் கிடக்கிறவரைத் தூக்க இன்னொரு கை வேண்டும் மாசிலாமணி. எனக்கு முடியவில்லை.

குளிருக்குக் கம்பளிச் சட்டை இல்லாமல் வெளியே போகாதே, ராப்போஜன ஆராதனையைத் தவறவிடாதே, துரைக்குக் கொடுக்கிற கஷாயத்தில் நீயும் ஒரு வாய் குடி. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. போக்கை அவர் நன்றாகவே காத்துவிட்டார், வரத்துக்குத்தான் நான் முழங்காலில் நிற்கிறேன். உன் அப்பாவின் சம்மதம் மேலே இருக்கிறது. என் சம்மதம் இந்தக் கடிதத்தில் எங்கேயும் இல்லை, தேடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா
ஞானபாக்கியம்